மருமகன் வண்டிக்கு உடைத்த தேங்காய்

ஆடிக்கு அழைத்து வந்த மகள், ஆவணி முடியப்போகிறது, இன்னும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தென்னேரியில் இருந்த அவள் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, சண்டைக்காரி இல்லை. வாய் நிறையச் சிரிப்பாள். "வண்டி வரட்டும் சம்பந்தி, பின்னாலயே பொண்ணையும் அனுப்பிடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வண்டியோடு சேர்த்து அனுப்பும் சில்லறைச் சாமான்தான் பெண் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எப்படியோ காஞ்சிபுரத்தில் ஒரு மொபெட்டை வாங்கி உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆவணியில் மிச்சமிருந்த நல்ல நாள் அது ஒன்றுதான். விட்டால் புரட்டாசி, பெண்ணை அழைத்துப்போக மாட்டார்கள்.

புது வண்டிக்குப் பூசை போடாமல் எடுக்க முடியுமா? வண்டி வந்த அன்றைக்கே பூசை; அது என் மச்சானின் உரிமை. என் மனைவிக்கு அண்ணன், மகளுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கம் புது மாட்டு வண்டி வந்தால் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் தேங்காய் உடைப்பார்கள். அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லர் அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார். அதன்மேல் தேங்காய் என்ன, மச்சானின் தலையையே மோதினாலும் பட்டைக்கு ஒன்றும் ஆகாது. மொபெட்டில் அப்படி ஓர் இடம் தேடிய மச்சான், முகம் மாதிரி இருக்கிறதே என்று முன்விளக்கைச் சுற்றியிருந்த கறுப்பு மூடியைத் தேர்ந்தெடுத்தார். ஓங்கி ஒரு போடு.

தேங்காய் உருண்டுபோய் முழுசாக நின்றது. மூடிதான் விரிசல் விட்டது.

"இன்னா மச்சான், பீங்கானா இது?"

"பிளாஸ்டிக்கு" என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்றதில்ல?"

விரிசல் ஒரு விரல் நீளந்தான். ஆனால் சம்பந்தியம்மா கண்ணில் பட்டால் சகுனம் சரியில்லை, வேறு வண்டி வரட்டும் என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

கெடுத்தவரே சரிசெய்வதாகக் கிளம்பினார். உடைந்த சிவப்பு பக்கெட்டின் துண்டு, அடுப்பில் காய்ச்சிய கத்தி, வாயில் பீடி, இத்தனையோடு வண்டி அருகில் குந்தினார்.

"மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள் மகள். "பக்கத்துலயே பெட்ரோல் டேங்கு கீது. வூட்டோட கொளுத்தப் போறியா?"

"நீ சும்மா இரும்மே. நான் எத்தினி பக்கெட்டு ஒட்டிகீறேன்."

"நீ ஒட்டின பக்கெட்டு எதுல தண்ணி நிக்குது, சொல்லு?"

மச்சான் பீடியை அணைத்தார்.

அவள் மூடியைக் கழற்றிப் பின்கட்டு வெட்டவெளிக்குக் கொண்டுபோனாள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். குடைக்கம்பியைக் காய்ச்சி, விரிசல் முடியும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டாள். "இங்க நிறுத்தலன்னா ஓடிக்கினே இருக்கும் நைனா." பக்கெட் துண்டை உருக்கி வைத்துப் பார்த்தாள். ஆறியதும் நகத்தால் தட்ட, பெயர்ந்து வந்தது. "இது வேற ஜாதி, ஒட்டாது." பிளாஸ்டிக்கிலும் அந்தத் தொல்லை உண்டு போலிருக்கிறது. பிறகு மூடியின் உள்விளிம்பிலேயே, வெளியே தெரியாத இடத்தில், மெல்லிசாகச் சீவி எடுத்து, விரிசலின் உள்பக்கம் வைத்துக் கத்தியால் உருக்கி உருக்கிப் பதித்தாள். புகை முகத்தில் அடிக்காதபடி காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கிட்டே போன என்னையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அவள் அவ்வளவு பொறுமையாகச் செய்ததைப் பார்த்தபோதுதான் புருஷன் வீட்டுக்குப் போக அவளுக்கு எவ்வளவு ஆசை என்று புரிந்தது. அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை. வண்டி என்ன கலர் என்றுதான் எல்லாரும் கேட்டோம்.

ஆறவிட்டு மாட்டினாள். வெளியே மயிரிழைக் கோடுதான் தெரிந்தது. அதன்மேல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா மகனோடு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள், சீட்டை அமுக்கினாள், ஆரனை அடித்தாள். சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. அப்போது அவள் பையில் இருந்து ஒரு தேங்காயை எடுத்தாள். எங்களுடையதைவிடப் பெரிசு.

"எங்க வூட்டுப் பூச வேணாமா, சம்பந்தி?"

அவளும் முகத்தைத்தான் தேடினாள். நான் வாயைத் திறப்பதற்குள் போட்டுவிட்டாள்.

மகள் ஒட்டிய இடம் அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் விளிம்பு வரை ஓடியிருந்தது.

மருமகன் தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்தான். சம்பந்தியம்மாவின் சிரிப்பு முதல்முறையாக நின்றது. "லேசாத்தான் பட்டுச்சி..." என்றாள்.

"அது பிளாஸ்டிக்கும்மா" என்றார் மச்சான், பிறந்ததில் இருந்தே தெரிந்தவர் மாதிரி.

"பரவால்ல அத்த. வூட்டுக்குப் போயி நான் ஒட்டிக்கிறேன்" என்றாள் மகள்.

சகுனத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மகள் உள்ளே போய்க் கத்தியையும் குடைக்கம்பியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, புருஷன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சம்பந்தியம்மா பஸ்ஸில் போனாள்.