ரிவெட் அடிக்கும் ரஞ்சிதம்

சீயக்காய்த் தூளை உள்ளங்கையில் கொட்டி, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுகிறார் ரஞ்சிதம் அக்கா. கழுவிய கையை முகர்ந்து பார்க்கிறார். திருப்தி இல்லை. இன்னொரு முறை கழுவுகிறார். துணியில் துடைப்பதில்லை, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வெயிலில் காயவிடுகிறார். அதற்குப் பிறகுதான் புது லைனரைக் காகிதத்திலிருந்து பிரிக்கிறார்.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் வரிசையாக இருக்கும் மெக்கானிக் கடைகளில் நாலாவது கடை. பலகையில் ‘செபாஸ்தியான் பிரேக் ஒர்க்ஸ்’ என்று எழுதியிருக்கும். செபாஸ்தியான் அவருடைய கணவர். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுவதும், அதன் உள்பக்கம் மூடி போலிருக்கும் டிரம்மைத் தட்டி எடுப்பதும், மறுபடி மாட்டுவதும் அவர் வேலை. டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ இருக்கும். அவற்றின் முதுகில் இருக்கிற லைனர்தான் டிரம்மை அழுத்தி வண்டியை நிறுத்துகிறது; பெரும்பாலும் முன் ஷூவின் லைனர் குட்டை, பின் ஷூவினது நீளம். லைனர் தேய்ந்துபோனால் அதை ஷூவோடு பிடித்திருக்கும் பழைய ரிவெட்டுகளை உடைத்துவிட்டுப் புது லைனரை வைத்து அடிக்க வேண்டும். அது அக்காவின் வேலை.

புதிதாக வருகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, “அண்ணன் இல்லியா?” என்பார்கள்.

“அண்ணன் வீல் கழட்டுவாரு. உன் வண்டிய நிறுத்துறது நானு. இன்னா வேணும் சொல்லு” என்பார் அக்கா, தலை நிமிராமல்.

பித்தளை ரிவெட்டுகள் எப்போதும் நாலைந்து அவர் வாயில் இருக்கும். அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே பேசுவார். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி அடித்துக்கொண்டு போவார். ஓரத்தில் ஆரம்பித்தால் லைனர் நடுவில் உப்பிக்கொள்ளுமாம். அடித்து முடித்ததும் ஷூவைக் காதருகே பிடித்து, சுத்தியலின் காம்பால் ஒவ்வொரு ரிவெட்டாகத் தட்டிக் கேட்பார். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதை உடைத்து எடுத்து மறுபடி அடிப்பார். எதிரே உட்கார்ந்து ரவிக்கை தைக்கும் எனக்கே இப்போது அந்த மந்தமான ஒலி தெரியும். மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். சரியாக அப்போது அக்கா உளியை எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடை சாத்திய பிறகு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போய்வந்ததும் தேய்த்துக் குளித்துவிடுவார். மற்ற ஆறு நாளும் முடி காற்றில் பறக்கும். பூக்கூடையோடு தெருவில் வரும் அம்மாக்கண்ணு இதைச் சொல்லாமல் போனதே இல்லை.

“இன்னாடி தலை இது, தேங்கா நாரு மாரி? புருசன் ஒரு பாட்டில் எண்ணெய்கூட வாங்கித் தர மாட்டானா?”

“தலையில வச்சா கையில ஒட்டும். கையில ஒட்டுனா லைனர்ல ஒட்டும். அப்புறம் எவனாவது பள்ளத்துல கிடப்பான். உன் பூவ நீ அங்கியே வச்சுக்க.”

வேலை முடிந்து வண்டி கிளம்பும்போது ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது வழக்கம். “மொதோ பத்து கிலோமீட்டரு அழுத்திப் புடிக்காத. லைனரும் டிரம்மும் பழகணும். புதுசா கல்யாணம் கட்டுனவங்க மாரி. எடுத்ததும் சண்ட வைக்கக் கூடாது.” செபாஸ்தியான் இதை எத்தனையோ தடவை கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

எந்த ஷூ எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது மாறிப்போகாமல் இருக்க அக்கா ஒரு முறை வைத்திருந்தார். இறக்கிய வரிசையிலேயே ஒரு கோணிமேல் பரப்பி, அதே வரிசையில் திருப்பி மாட்டக் கொடுப்பார். பதினோரு வருடமாக அந்தக் கோணி அவரைக் கைவிட்டதில்லை. போன மாசியில் கைவிட்டது.

ராஜாராம் கார் ஏற்றும் டிரெய்லர் வைத்திருக்கிறார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி, வழியில் நின்றுபோன கார்களை ஏற்றிக்கொண்டு போவார். ஜீப் வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னால் முட்டும். அந்த முட்டலில் கொக்கி உள்ளே போய், கம்பியை இழுத்து, டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடிக்கும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகும் கார்களில் நாலைந்தாவது எங்கள் ஊர்ப் பக்கம் நின்றுவிடும் என்பதால், அதற்கு ஒரு வாரம் முன்பே வந்து நாலு ஷூவுக்கும் லைனர் மாற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலையில் திரும்பி வந்தார். ஜீப்பின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. பின்னால் டிரெய்லர்மேல் ஒரு வெள்ளைக் கார். கோட்டை மலைகளுக்கு நடுவே சாலை இறங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்தப் பார்த்திருக்கிறார். டிரெய்லர் நிற்காமல் பின்னாலிருந்து தள்ளி, ஜீப்பைப் புளியமரத்தில் கொண்டுபோய் முட்டவிட்டது. யாருக்கும் அடி இல்லை.

எப்போதும் “யக்கா” என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

“ஏம்மா, ரிவெட்டு அடிச்சியா, மாவாட்டிக் குடுத்தியா? நான் செத்திருப்பேன் இன்னிக்கு. இனிமே திண்டிவனந்தான் போவேன். நான் மட்டுமில்ல, இந்த ரோட்டுல ஒரு வண்டி உன் கடையில நிக்காது. பாத்துக்கினே இரு.”

டிராக்டர்காரர்களும் மினி லாரிக்காரர்களும் டீ டம்ளரோடு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்கள் எல்லோருமே அக்காவிடம் லைனர் மாற்றியவர்கள். ஒவ்வொருவரும் தன் வண்டியை நினைத்துக்கொண்டு நிற்பது முகத்திலேயே தெரிந்தது. செபாஸ்தியான் அக்காவின் பக்கத்தில் வந்து, “ஓவர் லோடுன்னு சொல்லு” என்று முணுமுணுத்தார். அது எனக்கே கேட்டது.

“கார் ஏத்தறதுக்குன்னு செஞ்ச டிரெய்லரு. அதுல கார் ஏத்துனா ஓவர் லோடா? போய் வீலக் கழட்டு.”

எல்லோரும் பார்க்க டிரம் இறங்கியது. அக்கா முதலில் ரிவெட்டுகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூட ஆடவில்லை. லைனரில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. “அப்ப உன் வேலை சரிதான்க்கா, ஓட்டத் தெரியல அவனுக்கு” என்றார் ஒரு டிராக்டர்காரர். ராஜாராம் அவர்மேல் பாயப் போனார். அக்கா இருவரையும் கவனிக்கவில்லை. தரையில் படுத்து, டிரெய்லருக்கு அடியில் தலையை நீட்டி, டார்ச் அடித்து அச்சைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து வரும்போது அந்த எண்ணெயில்லாத முடியெல்லாம் மண்.

பழைய ஜீப்பின் அச்சு அது. டிரெய்லரைக் கட்டியவர் அதை முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பற்றவைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு சக்கரத்திலும் முன்னால் வர வேண்டிய குட்டை லைனர் பின்னாலும், பின்னால் வர வேண்டிய நீள லைனர் முன்னாலும் இருந்தன. காலி டிரெய்லருக்கு அந்த அரைப் பிடியே போதும். கார் ஏறினாலும் சமதரையில் எப்படியோ நின்றுவிடும்; இறக்கத்தில் நிற்காது. கோணிமேல் வரிசையாகப் பரப்பி, அந்தத் தவற்றை அப்படியே புதிதாகச் செய்து கொடுத்திருந்தார் அக்கா.

“கட்டுனவன் மேல தப்பு, சொல்லிடு” என்றார் செபாஸ்தியான், இந்த முறை சத்தமாகவே.

அக்கா வாயிலிருந்த ரிவெட்டுகளை உள்ளங்கையில் துப்பினார். ரிவெட் இல்லாமல் அவர் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“கட்டுனவன் திருப்பி வச்சான். ஆனா நீளத்தையும் குட்டையையும் என் கையில வச்சுக்கினுதான அடிச்சேன். எது முன்ன, எது பின்னன்னு வண்டியப் பாக்கல. கோணியப் பாத்தேன். தப்பு என்னுது, ராஜாராமு.”

கைநிறையத் திட்டோடு வந்த ராஜாராமுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “அது... சரி, இப்ப இன்னா பண்றது?” என்றார்.

அக்கா ஒரு சாக்பீஸ் எடுத்து, டிரெய்லரின் பக்கப் பலகையில் அது ஓடும் திசைக்கு ஓர் அம்பு போட்டார். இப்போது எந்த வண்டி வந்தாலும் முதலில் அந்த அம்பு விழுகிறது; கோணி அதற்குப் பிறகுதான். நாலு ஷூவிலும் இருந்த லைனரை உடைத்து எடுத்துவிட்டுப் புதிது அடித்தார். அச்சு எப்படி இருந்தாலும், அம்பைப் பார்த்து, குட்டை முன்னாலும் நீளம் பின்னாலும் வரும்படி மாட்டச் சொன்னார். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. அக்காவும் செபாஸ்தியானும் சாப்பிடவில்லை.

“காலி டிரெய்லரா ஓட்டிப் பாத்துடலாம்” என்றார் ராஜாராம்.

“காலியா இருந்தா நேத்தும்தான் நின்னுது. காரோட வா.”

சிங்கவரம் போகும் வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இறக்கத்துக்குப் போனார்கள். காலையில் நின்ற கூட்டம் வண்டிகளில் பின்னாலேயே போனது. நானும் கடையைச் சாத்திவிட்டு ஒரு மினி லாரியில் ஏறிக்கொண்டேன். முதலில் மெதுவாகப் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்தி லைனரைப் பழக்கினார்கள். அதன் பிறகு ராஜாராம் மேட்டிலிருந்து வேகமாக இறங்கி, நடு இறக்கத்தில் பிரேக் பிடித்தார். ஜீப்பும் டிரெய்லரும் சேர்ந்தாற்போல நின்றன. காரின் கண்ணாடிகூட அதிரவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய ராஜாராமின் முகத்திலிருந்து இன்னும் பயம் போகவில்லை. “சரிதான் போலருக்குது” என்றார்.

“போலன்னா இன்னா அர்த்தம்?” என்று கேட்ட அக்கா, டிரெய்லரின் ஹேண்ட் பிரேக் கம்பியை முழுசாக இழுத்துவிட்டார். “கொக்கிய அவுத்துட்டு ஜீப்ப எடுத்துக்கினு போ.”

ஜீப் விலகிப் போனது. காரைச் சுமந்துகொண்டு டிரெய்லர் மட்டும் இறக்கத்தில் தனியாக நின்றது. வயலிலிருந்த ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு செபாஸ்தியான் மூச்சிரைக்க ஓடிவந்து, சக்கரத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்தார்.

அக்கா குனிந்து அந்தக் கல்லை வெளியே இழுத்தார். இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டுபோய், டிரெய்லருக்கு நேர் முன்னால், இறக்கத்தில் நாலடி தள்ளிப் போட்டார். பிறகு காருக்கும் டிரெய்லருக்கும் முதுகைக் காட்டி அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து, காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.