நெடுந்தீவில் நான் அடைத்த பொட்டு

தவக்காலத்து மூன்றாம் சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். குதிரை பார்க்கவும் இல்லை, கோட்டை பார்க்கவும் இல்லை, ஒரு மதிலை உடைக்கத்தான் போனேன். வாசிக்கிற உங்களுக்குப் படகு நேரமும் செலவும்தான் வேண்டும் என்று தெரியும், அதெல்லாம் வரும். ஆனால் காரணத்தை மறைத்தால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

அங்கே எனக்குச் சீதனமாக வந்த வீட்டு வளவில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. பக்கத்து வளவு என் அண்ணனுடையது. நடுவே முருகைக்கல், அதாவது கடல் பவளப்பாறைக் கல், அடுக்கிய மதில், அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதைப் பொட்டு என்போம். அதன் வழியாகத்தான் அண்ணன் வீட்டுக்குத் தண்ணீர் போனது. ஆறு வருடங்களுக்கு முன் அண்ணன் இறந்தார். செத்தவீட்டில் வைத்தே அவருடைய மனைவியிடம், என் மச்சாளிடம், "நீங்கள் ஒழுங்காப் பார்த்திருந்தால் அண்ணை இருந்திருப்பார்" என்றேன். அவரும் சொல்லுக்குச் சொல் திருப்பித் தந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு பொட்டைக் கல் அடுக்கி அடைத்துவிட்டு யாழ்ப்பாணம் வந்துவிட்டேன். என் வீடு பூட்டிக் கிடந்தது, கிணற்றில் ஒருவரும் அள்ளவில்லை, மச்சாள் அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தார். அப்படி ஒரு பிறவி நான்!

பிறப்பிலேயே கத்தோலிக்கப் பெண்தான். ஐம்பது வயதுவரை கோயிலில் இருந்தது உடம்பு மட்டும். போன வருடம் சத்திரசிகிச்சை முடிந்து படுத்த படுக்கையில் கிடந்தபோது வேதாகமத்தை முதன்முதலாக ஒழுங்காக வாசித்தேன். அதன்பிறகு பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்கிற நேரம் வந்தாலே கை எழும்பாது. முன்பின் தெரியாதவருக்கெல்லாம் சமாதானம் சொல்லி என்ன பிரயோசனம்? பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பத்துச் செபம் சொல்லச் சொல்வார் என்று பார்த்தால் சாமியார் கேட்டது ஒன்றே ஒன்று: "நெடுந்தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு?"

யாழ்ப்பாணத்தில் காலை 6.15 பஸ். படகு ஏறுகிற குறிகட்டுவானுக்கு நான் கொடுத்தது 160 ரூபாய். அல்லைப்பிட்டிக் கோயிலைக் கடக்கும்போது பஸ்ஸில் பாதிப்பேர் சிலுவை போட்டார்கள். சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போன குடும்பம் வேலணையில் இறங்கியது, அதற்குப் பிறகுதான் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. 7.40க்கு இறங்குதுறை. அங்கே இரண்டு வரிசை நிற்கும், நீளமானது நயினாதீவுக்கு. கேட்டுவிட்டு நில்லுங்கள். அன்று காற்று பலம். "இன்னொரு நாள் வரலாம்" என்று மனம் சாட்டுத் தேடியது. அந்த மனத்தை எனக்கு நன்றாகத் தெரியும், ஆறு வருடமாக அதோடுதான் குடித்தனம். 8.30 படகில் முதல் ஆளாக ஏறினேன்.

9.40க்கு நெடுந்தீவு. ஆட்டோவுக்கு 500 ரூபாய்.

"அக்கா, எங்கை போறியள்? குதிரை பார்க்கவோ?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"மதில் உடைக்க."

"ஐயோ, எல்லாரும் எங்கட மதிலைப் படம் எடுக்க வருவினம். உடைக்க வந்தது நீங்கள் ஒராள்தான்!"

முதலாவது கல்லைத் தூக்கியதும் மதிலுக்கு மேலால் மச்சாளின் தலை தெரிந்தது.

"என்ன, தண்ணி விக்க வந்தனீரோ?"

"இல்லை மச்சாள், பொட்டைத் திறக்க வந்தனான். அடைச்சதும் பிழை, அண்ணையைப் பற்றி உங்களுக்குச் சொன்னதும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சாமியார் அனுப்பினவரோ?"

"அவரும் சொன்னவர். ஆனால் நானாத்தான் வந்தனான். ஆண்டவருக்கு முன்னாலை இந்தப் பொட்டை அடைச்சுக்கொண்டு எனக்கு நிக்க ஏலாது."

"நாளைக்குக் கோவம் வந்தால் திரும்ப அடைப்பீர். உம்மை எனக்குத் தெரியாதே?" மதிலுக்கு மேலால் கையை நீட்டிக் காட்டினார். "கல்லு முழுக்க என்ரை வளவுக்கை கொண்டுவந்து போடும். அங்கை, ஆட்டுக்கொட்டிலடியிலை."

என் வாய் பழைய பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன். மதிலிலிருந்து கொட்டிலுக்கு இருபத்தாறு அடி வைத்து நடக்கவேண்டும். ஒவ்வொரு கல்லாகச் சுமந்தேன். முருகைக்கல் உள்ளங்கையைக் கிழித்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, மச்சாள் கதிரை போட்டு இருந்து பார்த்தார். அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. ஒரு மணியளவில் அடிக்கல் மட்டும் மிச்சம். அது அசையவே இல்லை.

"தள்ளி நில்லும், உமக்கு ஏலாது" என்று மச்சாள் அலவாங்கோடு வந்தார். அவர் நெம்ப நான் புரட்டினேன்.

"மன்னிச்சிட்டியளோ மச்சாள்?"

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு" என்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பொட்டு வழியாக வந்து, என்னைத் தாண்டிப் போய், கிணற்றில் ஒரு வாளி அள்ளினார். முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றினார். "ஆறு வரியம் அள்ளாத தண்ணி, மணக்குது. இறைக்கவேணும். அடுத்த சனி வாரும்."

அந்தச் சனியும் போனேன், அதற்கடுத்த சனியும் போனேன். மூன்றாம் சனி அந்தத் தண்ணீரில்தான் மச்சாள் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். மன்னித்ததாக இன்றுவரை சொல்லவில்லை. சொல்லும்வரை போவேன், சொன்ன பிறகும் போவேன். மனம் மாறிவிட்டது என்று நான் சும்மா வீட்டில் இருந்து சொன்னால் எனக்கே நம்பிக்கை வராது. படகு ஏறினால்தான் வருகிறது.

நீங்கள் போவதென்றால் தொப்பியும் சில்லறைக் காசும் கொண்டுபோங்கள். திரும்பும் படகு 2.30க்கு, இரண்டு மணிக்கே துறையில் நில்லுங்கள். போகும் நாளில் நேரத்தை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் அங்கே எல்லா இடத்திலும் கிடைக்காது, போத்தலை நிரப்பிக்கொண்டு போங்கள். தீர்ந்துபோனால், ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் கல் குவிந்து கிடக்கிற வளவைத் தேடி, மச்சாளிடம் கேட்டுவிட்டுப் பொட்டு வழியாக உள்ளே வாருங்கள். அடைக்க நினைத்தாலும் இனி என்னிடம் ஒரு கல்லும் இல்லை.