ஹஸ்ஸூன் கேட்ட மருத்துவச்சி

பாக்தாத் சுகாதார அமைச்சகத்தில் மந்திரியின் அறைக் கதவைத் திறந்துவிடுவது ஹஸ்ஸூனின் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்தோரு மந்திரிகளைப் பார்த்தவர். அரசர் குழந்தையாக இருந்தபோதும் சரி, வளர்ந்து அரியணை ஏறிய பிறகும் சரி, மந்திரிசபைகள் வருவதும் கவிழ்வதுமாகத்தான் இருந்தன. நான் பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டாவதாக வந்தவர் டாக்டர் ஷவ்கத். மோசூலில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அரசியல் தெரியாது. தேநீர் கொடுத்தால் நன்றி சொல்வார். பத்து நாள் தாங்கமாட்டார் என்று எங்கள் அலுவலகமே பேசிக்கொண்டது.

அந்தச் சமயத்தில் ஹஸ்ஸூனுக்கு ஒரு கவலை. தெற்கே, நாணல் சதுப்பில் இருக்கும் உம் அல்-கஸப் அவருடைய ஊர். அவர் தங்கையின் மகள் ஸக்கியாவுக்குப் பிரசவத்திலேயே இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. இப்போது மூன்றாவது முறை, மூன்று மாதம். ஆஸ்பத்திரிக்குப் படகில் ஒரு முழு நாள்.

மனைவி ஃபஹீமா விடவில்லை. "முப்பது மந்திரிக்குக் கதவைத் திறந்தே. ஒருத்தர்கிட்டயாவது வாயைத் திறந்தியா?"

டாக்டர் பதவிக்கு வந்த ஏழாம் நாள் ஹஸ்ஸூன் வாயைத் திறந்தார். "ஐயா, எங்க ஊருக்கு ஒரு மருத்துவச்சி வேணும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உக்காருங்க."

ஹஸ்ஸூன் உட்காரவில்லை. அந்த அறையில் அவர் எப்போதும் உட்கார்ந்ததில்லை. நின்றபடியே ஸக்கியாவைப் பற்றிச் சொன்னார். டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். படித்த மருத்துவச்சி ஒருத்தியை அங்கே நியமிக்கும் உத்தரவை அன்றே நான் தட்டச்சு செய்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பதிவு எண் போடுவதற்காக அது பதிவு அறையின் பெரிய குமாஸ்தா யாகூப்பின், நாங்கள் மரியாதையாக 'எஃபெந்தி' என்று கூப்பிடுபவரின், மேஜைக்குப் போய், அங்கேயே கிடந்தது.

பதினோராம் நாள் காலை, மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டதாக வானொலி சொன்னது. ஹஸ்ஸூன் நேராக யாகூப் எஃபெந்தியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"எண் போடுங்க எஃபெந்தி."

"மந்திரியே போயாச்சு. கையெழுத்தை வச்சு நான் என்ன பண்ண?"

"போட்டப்போ இருந்தாரே!"

"இன்னிக்குத் தேதியில எண் போட்டா நாளைக்கு வர்றவர் என்னைத்தான் கேப்பார். ஹஸ்ஸூன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்னு அவரே வந்து எழுதிக் கொடுக்கட்டும், போடறேன்."

வரமாட்டார் என்ற தைரியத்தில் சொன்னார். ஹஸ்ஸூன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டர் வீட்டில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாராம். அரசாங்கக் கார் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தது. ஹஸ்ஸூன் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, "பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். வாசல் காவலாளி முந்தின நாள் சல்யூட் அடித்தவன், அன்று வேறு பக்கம் பார்த்தான். பதிவு அறையில் மனுக்காரர்கள் வரிசையில் டாக்டர் நின்றார். யாகூப் எஃபெந்தி நிமிர்ந்து பார்த்ததும் நாற்காலி சாயும்படி எழுந்தார்.

"வேண்டாம், உக்காருங்க. எங்க எழுதணும்?"

இரண்டு வரி எழுதினார். யாகூப் எண்ணைப் போட்டு முத்திரை குத்தினார். டாக்டர் ஹஸ்ஸூனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனார்.

பஹீஜா என்ற மருத்துவச்சி ஊர் போய்ச் சேர நான்கு மாதம் ஆனது. டவுன்காரி என்று பெண்கள் முதலில் கிட்டவே வரவில்லை. ஸக்கியாவுக்கு வலி கண்டபோது வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள். குழந்தை கால் பக்கமாக வந்தது. ஒரு பகல் முழுக்கப் போராடி உயிரோடு எடுத்தாள். பெண் குழந்தை.

செய்தி வந்த அன்று ஃபஹீமா அலுவலகத்துக்கே பேரீச்சம்பழ அப்பம் கொடுத்தனுப்பினாள். யாகூப் எஃபெந்தி இரண்டு எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஹஸ்ஸூன் இன்னும் ஆறு மந்திரிகளுக்குக் கதவு திறந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முடியாட்சி கவிழ்ந்த வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். பஹீஜா அப்போதும் அங்கேதான் இருந்தாள். உள்ளூர் படகுக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள்.