ஏரிக்கரைப் பாட்டுக்குழுவின் உறுப்பினர் பட்டியல்

ஐம்பதுகளின் நடுவில், வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஏரியைத் தூர்வாரினார்கள். கூலி கிடையாது, சிரமதானம். கூலியில்லாத வேலைக்கு யாரும் வராததில் பிளாக் ஆபீசுக்கு ஆச்சரியம். அங்கே குமாஸ்தாவாக இருந்த எனக்கு இல்லை.

பிறகு கூட்டம் சேர்ந்தது. காரணம், கூலிவேலை செய்யும் ஒரு விதவை. அவள் தெலுங்கில் ஓர் அடி எடுப்பாள். மண்கூடையோடு கரையேறும் வரிசை அதைத் தமிழிலோ கன்னடத்திலோ வாய்க்கு வந்தபடி திருப்பிப் பாடும். மாங்காய் வியாபாரம் செய்த பாய் ஒருவர் டோலக் தட்டுவார். புருஷன் போனபின் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்க விடாத அவளை, அங்கே மட்டும் "யக்கா, எடு!" என்று ஊரே முன்னால் நிறுத்தியது.

பாட்டால் வேலை நடக்கிறது என்று மேலே எழுதினேன். மகிழ்ந்துபோய் ஓர் ஆர்மோனியம் அனுமதித்தார்கள். அதைக் குழுவின் பெயரில்தான் தருவார்கள். குழு என்றால் உறுப்பினர் பட்டியல் வேண்டும், கையெழுத்துகளோடு. கைநாட்டும் செல்லும், விதி எனக்கு மனப்பாடம். ஆனால் மை அட்டையை ஆபீசில் விட்டு வந்திருந்தேன். இன்னொரு முறை வெயிலில் சைக்கிள் மிதிக்க அலுப்பு. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களை மட்டும் எழுதிக்கொண்டேன். பாயைத் தவிர அவர்களில் யாரும் ஏரிப்பக்கம் வந்தவர்கள் அல்லர்.

ஆர்மோனியம் கொடுக்கும் விழாவில் அதிகாரி பட்டியலைப் படித்தார். பெயர் வந்தவர்கள் பந்தல் மேடையில் ஏறி உட்கார்ந்தார்கள். துவைத்த சேலையில் வந்திருந்தவள் கடைசிப் பெயர்வரை கீழே நின்றாள்.

"ம், பாடுங்க" என்றார் அதிகாரி.

பட்டியலில் இருந்த ஊர் மணியக்காரர் ஆர்மோனியத்தை அமுக்கினார். அது எருமைபோல் முனகியது.

"யார்ரா எடுக்கறது? ஆர்மோனியமே பாடிக்குமா?" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

பாய் டோலக்கை மடியிலிருந்து இறக்கினார். "எடுக்கற ஆளு அங்க நிக்குது சாரே. நான் யாருக்குத் தட்டறது?"

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"பட்டியலில் இல்லை, சார்" என்றேன். உண்மைதான்.

திரும்பிப் பார்த்தபோது அவள் போயிருந்தாள்.

மறுநாள் மை அட்டையோடு போனேன். யாரோ ஒருவருடைய கொல்லையில் அவள் களை பறித்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே கட்டைவிரலை நீட்டினாள்.

"இப்ப சரியாப் போச்சா, சாமி?"

"போச்சும்மா. நாளைக்கு ஏரிக்கு வா, பாடணும்."

"நேத்து அத்தினி பேரு முன்னால நின்னேனே. பாய் அண்ணன் ஒருத்தருதான் வாயத் தொறந்தாரு." விரலைப் புல்லில் தேய்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அவள் வரவில்லை. இரண்டு வாரத்தில் மற்றவர்கள் வருவதும் நின்றது. திருத்திய பட்டியல் விதிப்படி சரியாக இருப்பதாக மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பாதியே தூர்வாரிய ஏரியில் அந்த வருஷம் பாதித் தண்ணீர்தான் நின்றது.