தேர்தலுக்கு முன் ஒரு சம்பந்தப் பேச்சு: நோபல் பார்க்கிலிருந்து பெண்டில் ஹில் வரை

மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குக் காரில் போவதைப் பற்றி எழுதச் சொல்லி உங்களில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, எங்கே பெற்றோல் அடிப்பது, எங்கே நின்று சாப்பிடுவது என்றெல்லாம். எழுதுகிறேன். ஆனால் நான் போனது ஊர் பார்க்க அல்ல, என் தம்பிக்குப் பெண் பேச. 2013 ஆகஸ்ட் மாதம், தேர்தலுக்கு மூன்று கிழமை இருந்தது. அந்தத் தேர்தலில் படகுகளைத் தவிர வேறு எதையும் பற்றி யாராவது பேசினார்களா என்பது எனக்கு நினைவில்லை.

தம்பியின் பெயர் சுதன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் 2004 இல் கலியாணம் கட்டி, இரண்டு பெட்டியும் ஒரு கூறைச் சேலையுமாக விமானத்தில் வந்து இறங்கியவள். அவன் 2012 கடைசியில் படகில் வந்தவன். தடுப்பு முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, வேலை செய்ய அனுமதியில்லாத ஒரு தற்காலிக விசாவோடு நோபல் பார்க்கில் எங்கள் வீட்டில் இருந்தான். வயது முப்பத்தொன்று. ஊரில் கை தேர்ந்த எலெக்ரீசியன். இங்கே என் வீட்டு பல்பு மாற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. காலையில் எழும்பி, ஒரு பல்பும் பழுதாகவில்லையா என்று பார்ப்பான். சிரிப்பதற்காகத்தான் அப்படிச் செய்வான்.

பெண் நிரோ. சிட்னியில் பிறந்தவள், வயது இருபத்தேழு, சிறுவர் காப்பகத்தில் வேலை. தோழியின் கலியாணத்துக்காக மெல்பேர்ன் வந்தவள், த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்கும் போயிருக்கிறாள். அங்கே அன்னதானத்தில் நம்மவர் சாம்பார் வாளியோடு நின்றிருக்கிறார். அவள் "போதும்" என்று கையால் தட்டை மறைக்க, இவன் கையிலேயே ஊற்றிவிட்டான். அப்படித் தொடங்கியது. ஐந்து மாதம் டெலிபோன். பிறகு நிரோவின் அப்பா, "ஒருக்கா வாங்கோ, நேரில கதைப்பம்" என்று சொல்லி அனுப்பினார்.

சுதன் எனக்கு ஒரேயொரு நிபந்தனை போட்டான். "விசாக் கதையை நீங்கள் எடுக்காதேங்கோ அக்கா. நிரோவுக்கு எல்லாம் தெரியும். அவவின்ர வீட்டில நான் படகில வந்தது மட்டும்தான் தெரியும், மிச்சத்தை எலக்‌ஷன் முடிய அவ தகப்பனுக்குப் பக்குவமாச் சொல்லுவா."

நான் "ஓம்" என்றேன். என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஓமின் பெறுமதி தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை 5.20 இற்கு வெளிக்கிட்டோம். என் கணவர் பிள்ளைகளோடு வீட்டில் நின்றுவிட்டார். முழுத் தூரமும் நானே ஓடினேன், சுதனுக்கு இங்கே லைசென்ஸ் இல்லை. ஆறு மணிக்கு முன்னமே மெல்பேர்ன் நகரத்தைத் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் அப்படியே போய்விடும். கிரேகிபேர்ன் தாண்டும்போது 6.20. அதற்குப் பிறகு ஹியூம் நெடுஞ்சாலை, 110 இல் போய்க்கொண்டே இருக்கலாம். யுரோவாவில் 7.30 இற்கு கோப்பி, இரண்டு கப் எட்டு டொலர், ருசி கழுநீர்.

யுரோவாவுக்கும் ஆல்பரிக்கும் நடுவில்தான் வானொலியில் செய்தி வந்தது. தாங்கள் ஆட்சிக்கு வந்தால், படகில் வந்து ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கும் நிரந்தர விசா கிடையாது, தற்காலிக விசா மட்டும்தான் என்று எதிர்க்கட்சி அறிவித்திருந்தது. இனிமேல் படகில் வருகிற ஒருவரும் இந்த நாட்டில் குடியேற முடியாது, வேறு தீவுகளுக்கு அனுப்பப்படுவார்கள் என்று ஆளும் கட்சி போன மாதமே சொல்லிவிட்டது. ஒருவர் வாசலைப் பூட்டினார், மற்றவர் உள்ளே இருப்பவனின் கதிரையை இழுக்கிறார். நான் ரேடியோவை நிறுத்தினேன். சுதன் திரும்பப் போட்டான்.

"கேப்பம் அக்கா. என்னைப் பற்றித்தானே கதைக்கிறாங்கள்."

முழுவதையும் கேட்டுவிட்டு, "தற்காலிகம் எண்டா, பிறக்கிற பிள்ளையளும் தற்காலிகமோ?" என்றான். நான் முன்னால் போன லொறியை எதற்கென்று தெரியாமல் முந்தினேன்.

ஆல்பரிக்கு 9.30. அங்கே பெற்றோல் அடியுங்கள், நெடுஞ்சாலை ஓரத்துப் பெற்றோல் நிலையங்களை விட ஊருக்குள் மலிவு. நான் நாற்பத்தெட்டு டொலருக்கு அடித்தேன். 10.30 இற்கு ஹோல்புரூக். கடல் எங்கேயோ கிடக்க, இந்த ஊரில் புல்தரை நடுவே ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் இறங்குங்கள், காசில்லாமல் பார்க்கலாம். சுதன் அதன் முன்னால் நின்று படம் எடுத்து, "இதுக்கும் விசா குடுத்திட்டாங்கள்" என்று நிரோவுக்கு அனுப்பினான். அவள் உடனே எடுத்துச் சிரித்ததை நானும் கேட்டேன். அந்தப் பயணத்தில் சந்தோஷமான இடம் என்றால் அதுதான்.

குண்டகாயில் 12.10 இற்கு, கொண்டுபோன புட்டையும் சம்பலையும் காருக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டோம். கோல்பேர்ன் 2.25. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பின்னேர நெரிசல். பரமட்டா மோட்டலில் கார் நின்றபோது 5.15. மொத்தம் 890 கிலோமீற்றர், கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியாலம். இரண்டு கட்டில் உள்ள அறை ஓர் இரவுக்கு 115 டொலர், இரண்டு இரவு நின்றோம். துப்புரவான அறை, தண்ணீர் சுடவைக்கிற கேத்தில்தான் பழையது.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்பதால், நிரோவின் அம்மா எங்களை 10.45 இற்கு வரச் சொல்லியிருந்தா. பரமட்டாவிலிருந்து பெண்டில் ஹில் பதினைந்து நிமிடம். தட்டில் வாழைப்பழம், தோடம்பழம், கற்கண்டு, ஒரு கேக் பெட்டி. சுதன் என் கணவருடைய சேர்ட்டைப் போட்டிருந்தான், தோள் கொஞ்சம் பெரிது.

நல்ல ஆட்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அன்ரி வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. மட்டன் ரோல்ஸ், வடை, பால் தேத்தண்ணி. அங்கிள், அதாவது நிரோவின் அப்பா, சுதனின் ஊர், படிப்பு எல்லாம் மரியாதையாக விசாரித்தார். பக்கத்தில் நிரோவின் தாய்மாமன். பிரச்சினை என்னவென்றால், அங்கிள் எதிர்க்கட்சி ஆதரவாளர், மாமா ஆளும் கட்சி. மேசையில் இரண்டு கட்சியின் துண்டுப்பிரசுரமும் கிடந்தன, இரண்டிலும் படகு.

யார் தொடக்கினார்கள் என்று தெரியாது, பத்து நிமிடத்தில் சூடு பிடித்துவிட்டது.

"உங்கட ஆக்கள்தானே கதவைத் திறந்து விட்டவை?" இது அங்கிள். "நாங்கள் எண்பத்தாறில முறைப்படி விண்ணப்பிச்சு வந்தனாங்கள்."

மாமா விடவில்லை. "இப்ப பூட்டினது ஆர் அத்தான்? எங்கட ஆக்கள். தீவுக்கு அனுப்புறதை விடக் கடுமையா உங்கட ஆக்கள் என்னத்தைச் செய்யப் போகினம்?"

"செய்வினம், இருந்து பாரும். நேற்றைக்குச் சொன்னது கேக்கேல்லையோ?"

"அது பழைய திட்டம். எங்கடதான் கூடக் கடுமை."

பாருங்கள், தமிழர் இரண்டு பேர், எண்பத்து மூன்றில் எங்களைக் கொழும்பில் அடித்துக் கலைத்ததை நினைவு வைத்திருக்கிற வயது. எந்தக் கட்சி கூடக் கடுமை என்று பெருமைக்குச் சண்டை பிடிக்கிறார்கள். எதிரே படகில் வந்தவன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான், மாப்பிள்ளையாக. இருவருக்கும் அது மறந்தே போயிற்று. 

கடைசியில் மாமா அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் சொல்லும். எந்தக் கட்சி நல்லம்?"

"எனக்கு வோட்டு இல்லை அங்கிள்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை, நீர் குறை நினைக்கக் கூடாது. தம்பி தங்கமான பெடியன். ஆனா எங்கட சனத்தின்ர வாயை மூட ஏலுமோ? விசாவுக்காகத்தான் எங்கட பெட்டையைக் கட்டினவன் எண்டு சொல்லுவினம். எனக்கும் அந்த யோசனை வராமலில்லை, மறைக்காமச் சொல்லுறன்."

சுதன் தலையைக் குனிந்தான். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ! என் தம்பி கள்ளனா? விசாவுக்காகப் பெண் தேடி 890 கிலோமீற்றர் வந்தவனா?

"அங்கிள், கட்டினாலும் விசா கிடையாது!" என்றேன். "லோயரிட்ட நான் நேரில போய்க் கேட்டனான். படகில வந்தவர் இஞ்ச இருந்துகொண்டு விண்ணப்பம் போடவே ஏலாது, மினிஸ்டர் தானா மனம் வைச்சு விட்டாலொழிய. கலியாணம் கட்டினாலும் அதே கதைதான். இவனுக்கு இதால ஒரு சதத்துக்கும் லாபமில்லை. உங்கட மகளில உள்ள விருப்பத்திலதான் வந்து இருக்கிறான்!"

சொல்லி முடித்தபோது வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். இரண்டு மூன்று விநாடி அந்த நினைப்பு இருந்தது.

அங்கிள் மெதுவாகக் கேட்டார்: "அப்ப, கலியாணம் கட்டினாப் பிறகும் இவரைத் திருப்பி அனுப்பலாமோ?"

மாமா, "அனுப்பலாம் அத்தான்" என்றார். "ஆர் வென்றாலும் அனுப்பலாம்." அன்று முழுவதும் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

நிரோ குசினி வாசலில் நின்றிருந்தாள். "அப்பா, ஐ நோ. சுதன் எனக்கு முதல் மாசமே சொன்னவர். ஐ டோன்ட் கெயார்." அன்ரி அழத் தொடங்கினா. அங்கிள் மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார், "எலக்‌ஷன் முடியட்டும் பிள்ளை. பிறகு பாப்பம்." பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இன்னும் இரண்டு ரோல்ஸ் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்கள். சுதன் சாப்பிட்டான். 

பின்னேரம் சேர்குலர் கீ துறைமுகம் பார்க்கப் போனோம். பரமட்டாவிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. பாலம் பெரிது, ஓபரா மண்டபம் படத்தில் இருப்பதை விடச் சின்னது. மான்லிக்கு ஃபெரிப் படகு எடுப்போமா என்று நான் கேட்டுத் தொலைத்தேன். "வேண்டாம் அக்கா" என்றான். ஒரு வாங்கில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்பும் பயணம். யாஸ் தாண்டியதும் ஓர் ஓய்விடத்தில் காரை நிறுத்திவிட்டு, "என்னை ஏசடா" என்று அழுதேன்.

"ஏன் ஏச வேணும்? உண்மையைத்தானே சொன்னனீங்கள். நாங்களும் எத்தினை நாளைக்கு மறைக்கிறது?" தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினான். "நான் எவ்வளவு காலமும் காத்துக்கொண்டு இருப்பன் அக்கா, எனக்குப் பழகீட்டுது. அவ ஏன் இருக்க வேணும்?"

வீட்டுக்கு வரும்போது இரவு ஏழே கால்.

இனி, காரில் போகிறவர்களுக்கு. மெல்பேர்னிலும் சிட்னியிலும் சில சாலைகளுக்குக் கட்டணம் உண்டு, காரில் ஈ-டாக் என்ற கட்டணக் கருவி இருந்தால் இரண்டு இடத்திலும் வேலை செய்யும். அந்தி நேரத்தில் கங்காரு பாயும், வெளிச்சம் இருக்கும்போதே ஓடி முடித்துவிடுங்கள். தனி ஆளாக ஓடினால் ஆல்பரியிலோ குண்டகாயிலோ ஒரு இரவு தங்குவது நல்லது, என்னைப் போல் வீம்பு வேண்டாம். பெற்றோல், கட்டணம், மோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்நூறு டொலருக்குக் கொஞ்சம் கூட. சம்பந்தப் பேச்சுக்குப் போகிறவர்கள் வாயாடி அக்காவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தேர்தல் காலத்தில் போகவே வேண்டாம். தேர்தல் இல்லாத காலம் வரும் என்று நம்புகிறவர்கள் அதற்குக் காத்திருக்கலாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

தேர்தலன்று பள்ளிக்கூட வரிசையில் நின்று வாக்குச்சீட்டில் எல்லாப் பெட்டிக்கும் விருப்ப வரிசைப்படி இலக்கம் போட்டேன். இரண்டு பெரிய கட்சிக்கும் கடைசி இலக்கம் கொடுக்க வழியில்லை, ஒருவருக்குக் கடைசி, மற்றவருக்கு அதற்கு முந்தியது. எதிர்க்கட்சி வென்றது. அங்கிளிடமிருந்து அழைப்பு வரவில்லை. நிரோ மட்டும் கிழமைக்கு ஒருமுறை எடுத்து, தான் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, மதியச் சமையல் நேரம். சுதன் அரிசி கழுவிக்கொண்டிருந்தான். என் டெலிபோன் அடித்தது, நிரோ.

"அக்கா, சுதனுக்கு மெல்பேர்னில வேற இடத்தில பேசி முடிஞ்சுதாம். அவர்தான் சொன்னவர். நான் நம்பேல்லை. நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்கள். உண்மையா?"

குழாய் நின்றது. சுதன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பேச்சே எங்கும் நடக்கவில்லை. எனக்கு அவன் ஒன்றும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"ஓம் பிள்ளை" என்றேன். "முடிஞ்சுது."

இதைப் பொதுவில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிரோ தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அவளுடைய அப்பா வாசிப்பார். வாசித்தாலும் அவளுக்குச் சொல்ல மாட்டார்.