உதறிக் கொடுத்த தர்மாமீட்டர்

பேட்டரியில் ஓடும் எதையும் நான் லேசில் நம்பமாட்டேன். எங்கள் வீட்டு டிஜிட்டல் தர்மாமீட்டரை ஒரே வாயில் மூன்று முறை வைத்தால் மூன்று காய்ச்சல் சொல்லும். பாதரசம் அப்படியில்லை. ஏறிய இடத்திலேயே நிற்கும். யாராவது உதறினால்தான் இறங்கும். அதனால்தான் பழைய கண்ணாடி தர்மாமீட்டரைப் பஞ்சு சுற்றி பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அம்மா அதைத் தொடவேமாட்டாள். உடைந்து ஒரு சொட்டு பட்டாலும் தாலித் தங்கம் வெளுத்துவிடுமாம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. பாதரசம் தங்கத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும்.

நான் அந்தமானில், போர்ட் பிளேரில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். போன லீவில் வடக்கே ரங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் முகமே சரியில்லை. அப்பா பஸ் டிரைவர். ரங்கத்துக்கும் போர்ட் பிளேருக்கும் ஓட்டுகிறார். அந்த வாரம்தான் டிப்போவில் அவருக்குப் புது வண்டி கொடுத்திருந்தார்கள். புழுங்கித் தள்ளும் மத்தியானத்தில் ஃபேனை அணைக்கச் சொன்னார். டீயைப் பாதியில் வைத்தார். யாரையும் பக்கத்தில் விடவில்லை.

"காய்ச்சலாப்பா?"

"அரே, நல்லாத்தான் இருக்கேன்."

தர்மாமீட்டரை நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கிலுக் கிலுக் என்று சத்தம். அவருடைய வாட்சின் தளர்ந்த ஸ்டீல் பட்டை மணிக்கட்டில் ஆடுகிறது.

"தொண்ணூத்தெட்டு. பில்குல் நார்மல்."

"அதுக்குள்ள உதறிட்டீங்களா?"

"உதறித்தானே வைக்கணும்? நீதான் சொல்லிக்குடுத்தே."

சொல்லிக்கொடுத்தது நான்தான். அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது.

சாயங்காலம் மறுபடி நீட்டினேன். "இந்தத் தடவை நான்தான் பார்ப்பேன்."

"பெத்த அப்பனை போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறா பாரு," என்று அடுக்களையிலிருந்து அம்மா சிரித்தாள்.

அப்பா திரும்பிக்கொண்டு பலமாக இருமினார். இருமலுக்கு நடுவே, கிலுக். பிறகு ஒன்றும் தெரியாதவர்போலத் தர்மாமீட்டரை என் கையில் கொடுத்தார்.

வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினேன். பாதரசக் கோடு சரியான கோணத்தில் பிடித்தால்தான் தெரியும். எப்படிப் பிடித்தும் காணோம். முதல் எண்ணான தொண்ணூற்று நாலைக்கூடத் தொடாமல் குமிழுக்குள் பதுங்கியிருந்தது.

"அப்பா, இதைப் பார்த்தா நீங்க செத்து ரொம்ப நேரமாச்சு."

அம்மாவின் சிரிப்பு நின்றது. ஓடிவந்து அவர் கழுத்தில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். "ஐயோ, கொதிக்குது!"

வாட்ச் கட்டிய கையை நான் பிடித்துக்கொண்டு, நானே வாயில் வைத்துப் பார்த்தேன். நூற்று மூன்று.

"இதோட பஸ் நிறைய ஜனத்தை ஏத்திட்டுப் போவீங்களா? வளைவுல கண்ணு இருட்டினா?"

"லீவு போட்டா புது வண்டி அந்த ஸ்பேர் டிரைவர் கைக்குப் போயிடும்மா. கியரைப் போட்டு மாவாட்டுவான்."

அம்மா டிப்போவுக்குப் போன் செய்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ரத்தப் பரிசோதனைக்குப் போக ஆட்டோவுக்குக் காத்திருந்தோம். நேரம் பார்க்க அவருடைய வாட்சைக் கழற்றி என் கையில் மாட்டிக்கொண்டு, தர்மாமீட்டரை அவர் வாயில் வைத்தேன். அப்போது வாசலைத் தாண்டிப் புது வண்டி போனது. மேட்டில் கியர் கரகரவென்று கத்தியது.

வாய் திறக்க முடியாமல், கேட்டியா என்பதுபோல் ரோட்டைக் காட்டினார் அப்பா.

"கேட்டேன். வாயைத் திறக்காதீங்க," என்றேன்.