இடம் சொல்லாத அன்ரனிட்டா

எங்கள் குடும்பத்தில் ஒருத்தி விமானம் ஓட்டுகிறாள். அவள் எங்கள் ஊர் நாரந்தனைக்கு மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றினால் பனைகளெல்லாம் குனிந்து வழி விடும். ஊர்காவற்றுறை பஸ் தானாகவே ஓரம் கட்டும். எங்கள் கோழிகள் மறுநாள் இரட்டைக் கரு முட்டை இடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் நாரந்தனைக்கு மேலே வந்ததில்லை. பனை குனியாது. கோழிகளுக்கு நான் பொறுப்பில்லை. விமானம் ஓட்டுகிறாள் என்பது மட்டும் சுத்த உண்மை. அதற்காக அவள் பட்ட களைப்பு, கேட்டுக்கொண்டிருந்த எனக்கே உடம்பு நோகிற அளவு.

பெயர் அன்ரனிட்டா. என் ஒன்றுவிட்ட தம்பி மரியநாயகத்தின் மகள். மரியநாயகம் கடல் தொழிலாளி. மகன் அன்ரனிதாஸ் பிரான்சுக்குப் போனபின் வள்ளத்தில் தகப்பனுக்குத் துணை ஆள் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள், 'நான் வாறன்' என்று ஏறிவிட்டாள். ஊர் கொஞ்ச நாள் கதைத்தது. பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

வள்ளத்தில் அவளுக்கு இருந்த முக்கியமான வேலை போனுக்குப் பதில் சொல்வது. தகப்பனின் இரண்டு கையும் வலையில் இருக்கும். எங்கள் கடற்காரர் மீன் படுகிற இடத்தை யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த விடியலில் அங்கே தண்ணீர் தெரியாத அளவுக்கு வள்ளங்கள் நிற்கும். இடம் குறித்து வைத்திருக்கும் ஜீ.பி.எஸ். கருவியை மரியநாயகம் கரைக்கு வந்ததும் கழற்றி, சாரத்தில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டுவான். ஆகவே பக்கத்து வள்ளங்களுக்கு மகள்தான் பதில் சொல்லுவாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"இஞ்சதான் அண்ணை."

"இஞ்ச எண்டால்?"

"கரைப் பக்கமா. ஒண்டும் படேல்லை அண்ணை. சும்மா நிண்டு வெயில் காயிறம்."

அவளுடைய காலடியில் பாரை மீன் துடித்துக்கொண்டிருக்கும்.

பிறகு பலாலி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை நிறுக்கும் வேலை கிடைத்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விமானங்களைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பக்கம் போக ஆசை வந்தது. பிரான்சிலிருந்து தமையன், "படி, காசை நான் பாக்கிறன்" என்றான். கொழும்புக்குத் தெற்கே ஒரு பறப்புப் பள்ளியில் சேர்ந்தாள்.

சேர்ந்தாள் என்று எழுதுவது ஒரு சொல். லீவு கிடைத்தால் தமையனிடம் வசதி இராது; வசதி வந்தால் லீவு கிடைக்காது; இரண்டும் கூடிய அன்றைக்கு அங்கே மழை. நாரந்தனையிலிருந்து பஸ், மண்டைதீவைத் தாண்டிப் பண்ணைப் பாலம், யாழ்ப்பாணத்தில் இன்னொரு பஸ், கொழும்பில் இன்னொன்று. போய் ஒரு மணித்தியாலம் பறந்துவிட்டு அதே வழியால் திரும்பி வருவாள். வந்து குசினிக் கதிரையில் இருந்தபடியே, வாயில் சோற்றோடு நித்திரையாகிவிடுவாள். சிந்தாத்திரை மாதா கோயில் பெருநாட்கள் அவள் இல்லாமலே வந்து போயின. கலியாணம் பேசி வந்தவர்களும் அப்படியே.

பறப்பது அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. குறுக்குக் காற்றில் வள்ளத்தைக் கரை சேர்த்தவளுக்கு, குறுக்குக் காற்றில் விமானத்தை இறக்குவது கெதியில் பிடிபட்டது. அவளை விழுத்தியது வானொலி. மேலே போனவர் தான் எங்கே நிற்கிறார், எந்த உயரத்தில் வருகிறார், எங்கே போகப் போகிறார் என்பதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் மற்ற விமானங்களை விலத்தி விடுவார்கள்.

அனுமதிப்பத்திரத்துக்கான முதற் சோதனையில், பரீட்சகர் பக்கத்தில் இருக்க, கோபுரத்திலிருந்து கேள்வி வந்தது. அங்கே எல்லாம் இங்கிலிஷ். அவள் எனக்குத் தமிழில் சொன்னபடி எழுதுகிறேன்.

"இப்ப எங்கே?"

"கரையோரமாக வருகிறேன்."

"எந்தக் கரை?"

"தெற்குப் பக்கம்."

"தெற்கில் எவ்விடம்?"

"கிட்டத்தான்."

அந்த நேரம் இறங்குவதற்கு இன்னொரு சின்ன விமானம் சுற்றிக்கொண்டிருந்ததாம். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்து, "போதும்" என்றார். சோதனை அத்தோடு முடிந்தது.

பயிற்றுவித்தவர் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள அதிகாரி. அவர் ஏசவில்லை. "யாருக்கு, மகள், ஒளிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டாராம்.

"இடம் தெரியாமல் இல்லை மாமி," என்றாள் என்னிடம். "தெரிஞ்சபடியாத்தான் வாய் மூடுது."

இரண்டாம் சோதனைக்குப் பாடமாக்கிக்கொண்டு போனாள். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதும் இடம், உயரம், திசை என்று முணுமுணுத்தபடி. பாடமாக்கிய இடம் வரைக்கும் எல்லாம் சரி. கோபுரம் எதிர்பாராமல் ஒரு கேள்வி கேட்டதும், பழைய வாய் வந்து நின்றுகொண்டது. அதுவும் போயிற்று.

மூன்றாவதுதான் கடைசி. எழுத்துச் சோதனைகளில் அவள் சித்தியடைந்ததற்கு ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் பறந்து காட்டாவிட்டால் அவை செல்லாமற் போகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"இனி ஒருக்கா முதலிலையிருந்து எனக்கு ஏலாது மாமி. இந்த முறை இல்லையெண்டால் பெட்டி நிறுத்துக்கொண்டே கிழவியாகிறன்."

"கிழவியாகிறது அவ்வளவு லேசான வேலையில்லையடி," என்றேன். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

சோதனைக்கு முதல் நாள் மத்தியானம், கொழும்பில் தங்கியிருந்த அறையிலிருந்து தகப்பனுக்குப் போன் எடுத்தாள். மரியநாயகம் அப்போது கடலில், ஒரு கூலி ஆளோடு.

"அப்பா, எனக்குக் காணும், இனி ஏலாது. நான் பஸ் ஏறப்போறன்."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டதாம். என்ன கதைப்பது என்று தெரியாமல், "எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்விதானே.

"எழுவைதீவு முதுகுக்குப் பின்னாலை," என்றான் மரியநாயகம். "கோவளம் வெளிச்சவீடு வலப்பக்கம். தண்ணி நிறம் மாறுற இடம். அதிலைதான் வலை கிடக்குது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பெண்சாதிக்கே சொல்லாத மனுஷன்.

"பாத்தியே, சொல்லிப்போட்டன். வானம் இடிஞ்சு விழேல்லை. நீயும் நாளைக்குச் சொல்லிப்போட்டு வா."

அவள் பஸ் ஏறவில்லை. அடுத்த நாள் களுத்துறைக்கு மேலே வரும்போது கோபுரம் கேட்டது. 'இஞ்சதான்' என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்ததாம். அதை விழுங்கிவிட்டு, களுத்துறைப் பாலத்துக்கு நேர் மேலே, இன்ன உயரம், வடக்கே வருகிறேன் என்று சொன்னாள். கோபுரம் அதைத் திருப்பிச் சொல்லி, இறங்க வழி விட்டது. திரும்பவும் கேட்டார்கள்; திரும்பவும் சொன்னாள். சக்கரம் தரையைத் தொட்டபோது பரீட்சகர் எதையோ எழுதிக்கொண்டு, "போதும்" என்றார். இந்த முறை அந்தச் சொல் நல்லதற்கு.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். "தெரியேல்லை மாமி. பசிச்சது," என்றாள். ஒரு கடையில் சோற்றுப் பார்சல் வாங்கி, பாதி சாப்பிட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே படுத்துவிட்டாளாம். அடுத்த நாள் இங்கே வந்தும் அதைத்தான் செய்தாள். அந்த நித்திரை இன்னும் முடியவில்லை. பக்கத்து அறையில் குறட்டை கேட்கிறது.

இவ்வளவையும் எழுதி, விறாந்தையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த மரியநாயகத்துக்கு வாசித்துக் காட்டினேன். மகளுக்காக வாழ்நாள் இரகசியத்தை விட்டுக்கொடுத்த தகப்பன் என்று ஒரு வரியும் சேர்க்கலாமென்றேன். அவன் அறைக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அதை மட்டும் எழுதாதேங்கோ. நான் சொன்னது பிழையான இடம். பக்கத்திலை றஜீபன்ரை வள்ளம் காது குடுத்துக்கொண்டு நிண்டது, உண்மையை எப்பிடிச் சொல்லுறது? அடுத்த நாள் விடிய அவன் அங்கை போய் வலை விட்டிட்டு, வெறும் பாசியோடை வந்தவன்."